மருந்து விற்று இசை வளர்த்த மனிதர்

செம்மநத்தத்தில் கடை வைத்திருக்கும் நம் சங்க அன்பர் ஒருவர், சரக்கு எடுக்க ஏற்காடு வந்தபோது நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். “மகள் பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். நம் ஊரில் வாத்தியார் இல்லை. சேலத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மிளகும் காப்பியும் வாங்கி விற்கிற குடும்பத்துக்குச் சங்கீதம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார். அப்போது நாம் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் என்று ஒருவர் வாழ்ந்தார். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 2-8-1859 அன்று பிறந்தவர். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்ற இளைஞர், அங்கே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் பயின்றார். மூலிகைகளைத் தேடிச் சுருளி மலைக்குப் போனவருக்கு, அங்கே கருணானந்தர் என்னும் பெரியவரின் அருளும் மருத்துவ முறைகளும் கிடைத்தன. மலைச் சரக்கின் அருமை தெரிந்த நமக்கு இதைக் கேட்டவுடன் ஒரு நெருக்கம் தோன்றுவது இயல்பே.

பின்னர் தஞ்சை வந்து, அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தனர். 1890-ல் இருவரும் அந்த வேலையை விட்டு, முழுமூச்சாக மருந்துத் தொழிலில் இறங்கினர். மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தை விட்டுக் கடை திறப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருணானந்தர் பெயரால் அவர் தயாரித்த சஞ்சீவி மருந்துகள், குறிப்பாகக் கோரோசனை மாத்திரை, நாடெங்கும் பரவி, கடல் கடந்தும் விலை போயின. தஞ்சைக்கு வெளியே பெரிய தோட்டம் வாங்கிப் பயிர் செய்தார். அது ‘பண்டிதர் தோட்டம்’ என்று பெயர் பெற்றது. 1909-ல் அரசு ‘ராவ் சாகிப்’ பட்டம் அளித்தது.

இந்த அளவோடு நின்றிருந்தால் அவர் செல்வந்தராகியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் பிடில் பயின்ற நாளில் பிடித்த ஆசை அவரை விடவில்லை. இசை கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தெலுங்குப் பாடங்களே பெரும்பாலும் இருந்த காலம் அது. பொருள் தெரியாமல் பிள்ளைகள் பாட வேண்டியிருந்தது. அவர் தாமே தமிழில் 96 பாடல்களை இயற்றி, சுரப்படுத்தி, ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்று நூலாக்கினார். தம் பிள்ளைகளுக்கும் இசை கற்பித்தார்.

1912-ல் ‘சங்கீத வித்தியா மகாஜன சங்கம்’ நிறுவி, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்து மாநாடுகள் நடத்தினார். மொத்தம் ஏழு மாநாடுகள். செலவு எல்லாம் அவருடையது. வைத்தியசாலையில் வந்த காசு விருந்தினரின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் போயிற்று.

அவர் மனத்தை அரித்த கேள்வி ஒன்று உண்டு. ஒரு ஸ்தாயியில் நுட்பமான சுருதிகள் எத்தனை? 22 என்பது வழிவழியாகச் சொல்லி வந்த கணக்கு. சிலப்பதிகாரத்தையும் பழைய உரைகளையும் ஆராய்ந்த பண்டிதர், 24 என்றார். எடை சரியாக நிற்காத தராசை நாம் எப்படி ஒதுக்கி வைப்போமோ, அப்படித்தான் அவரும் கணக்கு நேராகும் வரை விடவில்லை. 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்த் தம் முடிவை எடுத்து வைத்தார். வாயால் சொன்னால் போதாது என்று, மகள் மரகதவல்லி முதலான தம் குடும்பப் பெண்களையும் உடன் அழைத்துச் சென்று, இசைத்தே காட்டச் செய்தார். மாதிரி காட்டாமல் சரக்கு விற்க முடியுமா? எல்லா வித்துவான்களும் அவர் கணக்கை ஏற்கவில்லை. இன்றும் அதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் தமிழிசையின் பழமையை விரிவாக ஆராய்ந்து வைத்தவர் அவர் என்பதில் ஐயமில்லை.

1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூல். தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 31-8-1919 அன்று காலமானார். நூலின் இரண்டாம் பகுதி அவர் காலத்தில் வெளிவரவில்லை. அதை 1946-ல் வெளிக்கொணர்ந்தவர், பரோடாவுக்குத் தந்தையோடு சென்ற அதே மரகதவல்லி. மகன் வரகுண பாண்டியனும் யாழைப் பற்றிப் ‘பாணர் கைவழி’ என்ற ஆய்வு நூல் எழுதினார். தகப்பன் வைத்துப் போன வேலையைப் பிள்ளைகள் பாக்கி வைக்கவில்லை.

நம் தொழிலில் தகப்பனார் பிள்ளைக்குக் கடையைக் கொடுக்கிறார், கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறார், வாடிக்கையாளரை அறிமுகம் செய்கிறார். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் கோரோசனை மாத்திரை விற்ற லாபத்தை யாரும் இன்று பேசுவதில்லை. அந்த லாபத்தில் அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த கல்விதான், அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்தும் அவருடைய நூலை வெளியே கொண்டு வந்தது.

எனவே செம்மநத்தம் அன்பருக்கு நாம் சொல்வது இதுதான். பஸ் செலவையும் குருதட்சணையையும் வீண் செலவில் எழுதாதீர்கள். முதலீட்டில் எழுதுங்கள். மகளைப் பாட்டுக்கு அனுப்புங்கள். அவள் திரும்பி வந்து நம் மலையூரில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அடுத்த வீட்டுக்காரர் யாரும் வாத்தியார் தேடிச் சேலத்துக்கு இறங்க வேண்டியிராது.