கைப்பழக்கம் – 9: சிறைக்குப் போய் வந்த ஆடிட்டர்

கல்லூரியை நம்பாமல் தொழிலைக் கற்றுக்கொள்பவர்களின் கதை இது. இரண்டு வாரமாக விருத்தாசலத்தில் நிற்கிறோம், செராமிக் எஸ்டேட் சுற்றி முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸ் படியேறியிருக்கிறோம். புதிதாக வந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும்.

மார்ச் 31 ராத்திரி சூளைக்குள் வெந்துகொண்டிருக்கும் கோப்பைகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தது. குறிப்பெல்லாம் தயார். ஆசிரியர் இலாகாவிலிருந்து இரண்டு முறை போன் வேறு. ஆனால் நடுவில் ஆர்.சிவபோகம் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிவிட்டுக் கோப்பையை எண்ண எனக்கு மனசில்லை.

சிவபோகம் 1907-ல் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தவர். கதர், அந்நியத் துணி பகிஷ்காரம் என்று இறங்கி, வேலூர் சிறையில் ஓராண்டு இருந்தார். வெளியே வந்த பெண்ணுக்கு அன்றைய சென்னையில் டீச்சர் வேலை இருந்தது, கல்யாணம் இருந்தது. அவர் கையில் எடுத்தது பேரேடு. ஜி.டி.ஏ. என்று ஒரு அரசாங்க டிப்ளமோ அப்போது இருந்தது. 1918-ல் பம்பாயில் தொடங்கியது. பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, அங்கீகாரம் பெற்ற கணக்காளர் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் இருக்க வேண்டும். நம் ஆர்ட்டிகிள்ஷிப்பின் தாத்தா. 1933-ல் சிவபோகம் அதில் தேறினார். இந்தியாவில் கணக்காளர் தகுதி பெற்ற முதல் பெண் அவர்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியோடு போயிருக்கும். தகுதி வந்துவிட்டது, தொழில் நடத்தப் பதிவு வேண்டும். சிறை சென்றவர்கள் பதிவு செய்துகொள்ள முடியாது என்று ஒரு விதி குறுக்கே நின்றது. முதலாளி பணத்தைக் கையாடிவிட்டு உள்ளே போனவனும், கதர் கட்டிக்கொண்டு உள்ளே போனவளும் அந்த விதிக்கு ஒன்றுதான். நல்ல கூத்து! சிவபோகம் வழக்குப் போட்டார், ஜெயித்தார், 1937-ல் சென்னையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1949 ஜூலை 1-ம் தேதி இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் பிறந்தபோது அவர் ஏற்கெனவே பழுத்த ஆடிட்டர். 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டங்களில் தலைமை நாற்காலியில் கதர்ப் புடவை. 1966-ல் மறைந்தார். இவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதில் இந்த வாரம் முழுக்கக் கோபம்.

சரி, விருத்தாசலம்.

பெண்ணாடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “சார், பையன் பிளஸ் டூ முடிச்சிட்டு சி.ஏ. தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நாளைக்கு டிகிரி இல்லன்னா பொண்ணு குடுப்பாங்களா?” அம்மா, நியாயமான கேள்விதான். பிளஸ் டூ முடித்ததும் பவுண்டேஷன், நாலு பேப்பர். அடுத்து இன்டர், இரண்டு குரூப், ஆறு பேப்பர். அதன்பிறகு சொந்தமாகத் தொழில் நடத்தும் ஒரு சி.ஏ.விடம் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்து இரண்டு ஆண்டு. அது முடிந்து ஆறு மாதம் கழித்து பைனல். இதில் எங்கேயும் பல்கலைக்கழகம் கிடையாது. டிகிரி வேண்டுமென்றே ஆசைப்பட்டால், நிறுவனத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தபால்வழியில் பி.காம். சேர்த்துக்கொள்ளலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தானே இருக்கிறது, நம் பக்கத்து ஆடிட்டர்களில் பலருடைய பட்டம் தபாலில் வந்ததுதான். இன்னொன்று, 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழுவே இறங்கி வந்து, நெட் தேர்வு எழுத சி.ஏ. தகுதி முதுகலைப் பட்டத்துக்குச் சமம் என்று ஒப்புக்கொண்டது. கல்லூரிக்குள் கால் வைக்காதவன் கல்லூரியில் பாடம் நடத்தத் தேர்வு எழுதலாம். இதைச் சம்பந்தி வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

எனக்குள்ள வருத்தம் வேறு. 2023 ஜூலை வரை ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டு. இன்டரில் ஒரு குரூப் தேறினாலே சேரலாம் என்றிருந்தது. இப்போது இரண்டு குரூப்பும் முடித்தாக வேண்டும், பயிற்சியோ இரண்டு ஆண்டு. சீக்கிரம் முடிகிறதே என்று பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்கென்னவோ வெட்டக் கூடாத இடத்தில் வெட்டிவிட்டார்கள் என்றுதான் படுகிறது. முதல் ஆண்டு போவது வவுச்சருக்கு டிக் போடவும், பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்க்கவும். கட்சிக்காரர் எந்தக் கேள்விக்குக் குரலை உயர்த்துகிறார், எதற்குக் காபி சொல்கிறார் என்று பிடிபடுவது இரண்டாம் ஆண்டு. அதை வைத்து வேலை செய்வதற்குத்தான் அந்த மூன்றாம் ஆண்டு.

பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆர்ட்டிகிளில் சேர அப்பாதான் ஆடிட்டருக்குப் பிரீமியம் கட்டுவார். இப்போது ஆடிட்டர் பையனுக்கு ஸ்டைபண்ட் கொடுக்க வேண்டும், குறைந்தபட்சத் தொகையை விதியே சொல்கிறது. அதில் ஒரு வேடிக்கை. ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துத்தான் தொகை. சென்னையில் ஒரு தட்டு, விருத்தாசலத்தில் கடைசித் தட்டு. டீயும் பரோட்டாவும் மக்கள்தொகை பார்த்து விலை வைப்பதில்லையே என்று கேட்காதீர்கள். ஆனால் பெருநகரத்துப் பெரிய ஆபீசில் ஒருவன் ஆறு மாதம் ஒரே கம்பெனியின் டிராவல் பில்லைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, இங்கே பையன் காலையில் அரிசி மில், மதியம் பியூஸ் கேரியர் செய்யும் பட்டறை, சாயங்காலம் அகல் விளக்கு வியாபாரி என்று மூன்று தொழிலின் வயிற்றுக்குள் போய் வந்துவிடுகிறான். கையெழுத்துப் போடும் ஆடிட்டர் அடுத்த மேஜையில்தான் இருக்கிறார். தப்பாக டிக் போட்டால் உடனே தலையில் குட்டு.

இந்த ஊருக்கும் தணிக்கைக்கும் உறவு பழசு. சுந்தரர் இங்கே பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். பலருக்கு நினைவில் நிற்காத பகுதி ஒன்று உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன் அதில் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் மனிதர். குளத்தில் எடுத்த பொன்னை அந்தத் துண்டோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. விட்டாரா? சரியாகும்வரை பாடினார். கொடுத்தது கடவுளே ஆனாலும் சாம்பிள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஆர்ட்டிகிள் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லலாம். மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் திருவாரூரில் இருக்கிறார். இன்டர் ரிசல்ட்டுக்கு முன்னால் போய்விட்டு வரலாம்.

இடம் முடிந்தது. சூளைக்கணக்கு அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் ஒன்றை யோசித்து வையுங்கள். எஸ்டேட்டில் ஒரு பட்டறை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த கோப்பை ஒரு பலகையில், ஒருமுறை சுட்டது இன்னொன்றில், மெருகு பூசியது வேறொன்றில், மீதி சூளைக்குள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருஷம் முடிகிறது. கதவு திறந்தால்தான் உள்ளே எத்தனை விரிசல் என்று தெரியும், திறந்தால் மொத்தமும் விரிசல். பத்தொன்பது வயதுப் பையன் நோட்டோடு நிற்கிறான். என்ன எழுதுவான்?

(தொடரும்)