வாவிக்கரையின் உயரம் வரைபடத்தில் பிழைப்பது ஏன்?

ஏறாவூர் முதல் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் (கிழக்குக் கரை) படுவான்கரையிலும் (மேற்குக் கரை) குடியிருப்புகளும் வயல்களும் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே அமைந்திருப்பதால், வெள்ள அபாய வரைபடத்தில் நேரும் ஒரு மீட்டர்ப் பிழைகூட ஓர் ஊரையே பாதுகாப்பான இடமாகத் தவறாகக் காட்டிவிடக்கூடும். 2004 ஆழிப்பேரலையையும் 2011 சனவரி வெள்ளத்தையும் கண்ட மட்டக்களப்பு மாவட்டத்தில், 2012இன் இறுதியில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் முன்னெடுத்த திட்டத்தின் கீழ், மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவின் கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டன. அக்கட்டடங்களுள் எவை நீரில் மூழ்கும் என்பதை அறிய நிலத்தின் உயரமும் தேவை. உயரத் தரவை ஆராயக் கியூஜிஐஎஸ், ஜிடால் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நிலப்பரப்பைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைத் தரும் தரவே ராஸ்டர் எனப்படும்; உயரத் தரவும் இவ்வடிவில்தான் கிடைக்கிறது. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் திரட்டிய உயரத் தரவில் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர். அதில் இடம் பாகையிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதால், நேரடியாகச் சரிவைக் கணித்தால் சமவெளியும் செங்குத்துப் பாறையாகத் தோன்றும். இதற்குத் தீர்வு, தரவை மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு முறைமைக்கு உருமாற்றுவதாகும். முறைமையின் பெயரை மட்டும் மாற்றினால் எண்கள் பழையபடியே இருக்கும், படமோ வேறிடத்துக்குப் போய்விடும். தரவில்லாத இடத்தைக் குறிக்கும் −32768 என்ற எண்ணை உயரமாகக் கொள்ளாதபடி மென்பொருளுக்கு அறிவிப்பதும் அவசியம். இல்லையேல் படம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்.

இலங்கையில் பெரிதாக வெளிப்படும் சிக்கல் ஒன்றும் உண்டு. செய்மதி இடங்காணிகள் உயரத்தைப் பூமியின் கணித வடிவமான நீள்வட்டகத்திலிருந்து அளக்கின்றன. ஆனால் ஈர்ப்பு விசையால் அமையும் சராசரிக் கடல் மட்டம், அதாவது புவியுரு, இலங்கையைச் சூழ்ந்த இந்து சமுத்திரத்தில் உலகிலேயே மிகத் தாழ்ந்து, மட்டக்களப்பில் நீள்வட்டகத்துக்கு 90 மீட்டருக்கும் கூடுதலாகக் கீழே அமைந்துள்ளது. ஆகவே அத்தகைய இடங்காணியைப் பயன்படுத்தும் ட்ரோனின் தரவில், மட்டக்களப்பில் உள்ள கல்லடியின் நிலம் −90 மீட்டரளவில் காட்டப்பட்டால் அது கருவியின் பழுதன்று. புவியுருத் திருத்தத்தைச் சேர்த்தால் உரிய உயரம் கிடைத்துவிடும்.

எளிதில் திருத்த முடியாத பிழைகளும் உள்ளன. ரேடார் அலைகள் தென்னந்தோப்பிலும் கண்டற்காட்டிலும் தரையை முழுமையாக எட்டாததால், விண்ணோடத் தரவு அங்கு நிலத்தை உள்ளதைவிட உயர்த்திக் காட்டுகிறது. ட்ரோன் படங்களோ, அசையும் நீரில் படங்களுக்கிடையே பொதுவான புள்ளிகளைக் கண்டறிய இயலாமல், வாவியின் விளிம்பில் நெளிந்து குழம்புகின்றன. நீர்ப்பரப்பை மறைத்து, கரையில் இடமும் உயரமும் துல்லியமாக அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளை இணைத்தால் இக்குழப்பம் பெரிதும் குறையும்.

எனவே, வெள்ள வரைபடத்தை வெளியிடுவோர் அதன் உயரங்களை நில அளவைத் திணைக்களத்தின் உயரம் அறியப்பட்ட புள்ளிகளோடு முதலில் ஒப்பிட வேண்டும். அச்சோதனையில் தேறாத படத்தைக் கொண்டு மக்களை வெளியேற்றும் முடிவை எவரும் எடுக்கலாகாது.