மிதித்தால் அமுங்கும் பின் பிரேக்

அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போகும்வரை பழைய பைக்கின் பின் பிரேக்கைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஊட்டிக்கு ஏறித் திரும்பும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியவரும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலிருந்து 330 மீட்டரிலுள்ள மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டும். பாதி மலையில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக அமுங்கத் தொடங்கும். மறுநாள் ஒர்க் ஷாப்பில் கேட்கும் புகார் இதுதான்: "பிரேக் பொதபொதன்னு இருக்குதுங்கண்ணா."

2007இல் வந்த பஜாஜ் பல்சர் 220, 2008இல் வந்த யமஹா ஆர்15 ஆகியவற்றில் பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. அந்தக் காலத்து வண்டிகள் இன்று கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. இவற்றில் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதியே இதற்கு அடிப்படை. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். குழாயில் சிறு குமிழி இருந்தாலும், மிதியில் ஒரு பங்கு அதைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

காற்று எப்படி நுழைகிறது? சில நேரம் அது வெளியிலிருந்து வருவதே இல்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் டிஸ்க் சூடேறும்போது, பழைய ஆயில், பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் கொதித்து ஆவியாகலாம். ஆறியபின் பெடல் பழையபடி இறுகும். மலையில் வந்த கோளாறு ஊர் வந்ததும் காணாமல் போவது இதனால்தான்.

எதையும் கழற்றும் முன் பெடலைப் பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகினால் பெரும்பாலும் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு. வெளியே ஈரமே தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் மீதுதான் சந்தேகம். காற்றை வைத்துக்கொண்டு புது பேட் மாற்றுவது வீண்செலவு.

காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் காலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். இல்லாவிட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஆயில் டப்பா வற்றவும் விடக்கூடாது. இவ்வளவும் செய்தபின்னும் பொதபொதப்பு போகவில்லையா? நிப்பிள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். காற்று மேலேதான் போகும். பின் காலிப்பரில் நிப்பிள் உச்சியில் இல்லாவிட்டால் குமிழி அதற்கு மேலேயே தங்கிவிடும். காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து ஏர் எடுத்தால் தீரும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது.

ஆர்எக்ஸ்100, ஸ்பிளெண்டர் போன்ற டிரம் பிரேக் வண்டிகளில் ஏர் என்ற பேச்சே இல்லை. அங்கே பெடல் மெத்தென்றிருந்தால், ஷூ ஒரு முனையில் மட்டும் டிரம்மைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்தபடியே இறுக்கினால் ஷூக்களைத் தாங்கும் பிளேட் நடுவுக்கு வரும்.

டிஸ்க் வண்டிகளில் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். எந்த வகை என்பது வண்டியிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியிலேயே இருக்கும். திறந்து வைத்த பாட்டிலும் ஈரம் உறிஞ்சியிருக்கும். அதனால் புது பாட்டிலைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள்.