ஊரைச் சொல்லும் விகுதி

தாவரவியல் பயிலும் நண்பர்கள் தேர்வு நெருங்கியதும் இலத்தீன் பெயர்களை மந்திரம்போல் உருப்போடுவதைக் காண்கிறோம். பொருள் தெரிந்துவிட்டால் அத்தனை பாடு வேண்டியதில்லை. அப்பெயர்களின் இரண்டாம் சொல், பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடு விகுதி சேர்ந்து பிறந்த அடைமொழியே.

1753-இல் லின்னேயஸ் ஆலமரத்துக்கு ‘பைகஸ் பெங்காலென்சிஸ்’ என்று பெயரிட்டார். ‘என்சிஸ்’ இடப்பெயரோடு சேரும் விகுதி. வங்காளத்தைச் சேர்ந்தது என்பது பொருள். அரசமரம் ‘ரிலிஜியோசா’. இதில் ‘ஓசா’ மிகுதியைக் குறிக்கும். சமயச் சிறப்பு மிக்க மரம் என்றாகிறது. ‘கோரியம்’ என்றால் தோல். ‘ஏசியா’ சேர்ந்தால் ‘கொரியேசியா’, தோல் போன்றது. முதுகில் ஓட்டுக்குப் பதிலாகத் தோல் போர்த்த பெருங்கடலாமைக்கு அதுவே அடைமொழி. தாராவியில் தோல் தொழிலைக் கண்டு வளர்ந்த மாணவருக்கு இச்சொல் இனி மறக்குமோ?

நாம் ‘சேர்ந்த’, ‘மிக்க’, ‘போன்ற’ எனத் தனிச்சொல்லால் சொல்வதை இலத்தீன் ஒரு விகுதியால் முடித்துவிடுகிறது. ஆனால் அங்கே அடைமொழியின் ஈறு பெயரின் பாலுக்கேற்ப மாறும்: இண்டிகஸ், இண்டிகா, இண்டிகம். நமது ‘நல்ல’ என்னும் சொல்லோ பையன், பெண், மரம் எதன் முன்னும் மாறாது.

புளியமரம் ‘டாமரிண்டஸ் இண்டிகா’. இலத்தீனில் மரங்கள் பெண்பால், ஆகவே ‘இண்டிகா’. முற்சொல்லோ அரபியரின் ‘தமர் ஹிந்தீ’, அதாவது இந்தியப் பேரீச்சை. ஒரே பெயரில் இந்தியா இருமுறை! ஆயினும் புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. விகுதி காட்டுவது பெயரிட்டவர் அறிந்த இடத்தை. மரம் பிறந்த இடத்தை அன்று.

அரபியரின் ‘ஹிந்த்’ ‘ஹிந்தீ’ ஆனதுபோலவே இந்நகரில் ‘மதராஸ்’ ‘மதராசி’ ஆயிற்று. நெல்லையார், பாலக்காட்டார், உடுப்பியார் அனைவரையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டார்கள். விடுமுறைக்கு ஊர் சென்றாலோ, அங்கே நாம் ‘பம்பாய்க்காரர்’! பெயர் மாறியது, ஆள் மாறவில்லை.

ஆதலின், ஒரு பெயரைக் கேட்டதும் அது யாரைச் சுட்டுகிறது என்பதோடு நில்லாமல், அதைச் சூட்டியவர் யார், எங்கு நின்று சூட்டினார் என்றும் கேட்கப் பழகுவோமாக.