நாணமும் நோய்ச் சோதனையும்

தலை வலித்தால் தாயிடம் சொல்கிறோம். பல் வலித்தால் ஊரறியச் சொல்கிறோம். ஆனால், சிறுநீர் கழிக்கையில் கடுப்புத் தோன்றினாலும், விதையில் வலி கண்டாலும் வாய் திறவாமல் இருந்து விடுகிறோம். உறுப்பு மறைவானது என்பதனால் அதன் நோயையும் மறைத்து வைக்கிறோம். மருத்துவ மாணவர்க்கு உடற்சோதனைக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியன் நான். இந்த மௌனத்தால் விளையும் கேட்டை நேரில் கண்டவன். ஆதலின், சிறுநீர் உறுப்புகளையும் ஆண்களின் இனப்பெருக்க உறுப்புகளையும் மருத்துவர் எவ்வாறு சோதிக்கிறார், அதனால் எவற்றை அறிகிறார் என்பதை இன்று மாணவ நண்பர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன். நடக்கப் போவது இன்னதென்று தெரிந்துவிட்டால் அச்சத்தில் பாதி அகன்றுவிடும்.

உடற்சோதனைக்கு வழிகள் நான்கு: பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல். தட்டியறியும் முறையை ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் அவுன்புருக்கர் 1761-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அவருடைய தந்தையார் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே உள்ளே மது எவ்வளவு உள்ளதென அறியும் வழக்கத்தைக் கண்டுதான் மகனுக்கு இக்கருத்துத் தோன்றிற்று என்பர்.

கேட்டறிதலின் வரலாறு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவரிடம் இதயநோய்க் குறிகளுடன் இளம்பெண் ஒருத்தி வந்தாள். மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பதே அக்கால முறை. அவ்வாறு செய்வது தகாது என்று கருதிய லென்னெக், தாளைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். ஒலி முன்னிலும் தெளிவாகக் கேட்டது! ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுவே. அவர் அப்பெண்ணின் நாணத்தை மதித்தார். அதன் பொருட்டுச் சோதனையைக் கைவிட்டாரில்லை. அந்த நெறியையே நாம் இங்கும் கைக்கொள்ள வேண்டும்.

இனிச் சிறுநீரகங்களைப் பார்ப்போம். இவை வயிற்றறையின் பின்புறத்தில், முதுகெலும்பின் இருமருங்கிலும், கீழ் விலா எலும்புகளின் காவலில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமுடையது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறும்படி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. கல்லீரல் மேலே இருப்பதனால் வலச் சிறுநீரகம் இடத்தினும் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

இவ்வளவு ஆழத்தில் உள்ளதைக் கை எப்படி அறியும்? மருத்துவர் ஒரு கையை இடுப்பின் பின்புறத்திலும், மற்றொரு கையை வயிற்றின் முன்புறத்திலும் வைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்வார். மூச்சை இழுக்கும்போது சிறுநீரகம் கீழே இறங்கும். அது பருத்திருந்தால் இரு கைகளுக்கும் நடுவே தட்டுப்படும். இயல்பான சிறுநீரகம் பெரும்பாலும் கைக்கு எட்டாது. மெலிந்த உடலினர்க்கு மட்டும் வலப்புறத்தின் கீழ்முனை தட்டுப்படக்கூடும். அடுத்து, முதுகில் கடைசி விலா முதுகெலும்பைச் சேரும் மூலையில் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மற்றொரு கையால் மெல்லக் குத்துவார். அங்கே சுருக்கென வலித்தால், சிறுநீரகத்தில் தொற்றோ கல்லோ உண்டா என ஆராய்வார். தொப்புளுக்குச் சற்று மேலே இருபுறமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பதும் உண்டு. சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் குறுகியிருப்பின், குறுகிய மடையில் பாயும் நீர்போல அங்கே ஓர் இரைச்சல் கேட்கலாம்.

சிறுநீரக நோயின் அடையாளம் முகத்திலும் தெரியும். காலையில் எழும்போது கண்ணிமைகள் உப்பியிருந்தால் மருத்துவர் சிறுநீரைச் சோதிக்கச் சொல்வார். இரத்த அழுத்தத்தையும் தவறாமல் அளப்பார். லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த ரிச்சர்ட் பிரைட், நோயாளியின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். அது முட்டையின் வெண்கருபோலத் திரிந்தது. உடல்வீக்கம், திரியும் சிறுநீர், பழுதுற்ற சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை அவர் 1827-இல் எழுதி விளக்கினார். சிறுநீரில் புரதம் கலந்திருப்பதே அவ்வாறு திரிவதற்குக் காரணம். நம் சித்த மருத்துவத்திலும் சிறுநீரின் நிறம், மணம், நுரை ஆகியவற்றைப் பார்க்கும் நீர்க்குறியும், அதில் எண்ணெய்த்துளி பரவும் விதத்தைப் பார்க்கும் நெய்க்குறியும் உண்டு.

சிறுநீர்ப்பை வெறுமையாக இருக்கும்போது அடிவயிற்று எலும்பின் பின்னே பதுங்கியிருக்கும், நிரம்பினால் மேலெழும்பும். தொப்புளிலிருந்து கீழ்நோக்கித் தட்டிக்கொண்டே வந்தால், காற்றுள்ள குடலின்மேல் கலகலவென்ற ஓசையும், நிரம்பிய பையின்மேல் மந்தமான ஓசையும் எழும். முதியவர் ஒருவர் சிறுநீர் கழித்து வந்த பின்னும் அந்த மந்த ஓசை கேட்குமானால், வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று ஐயுற வேண்டும். அத்தடைக்கு அடிக்கடி காரணமாவது புராஸ்டேட் என்னும் சுரப்பி. இளைஞர்க்குப் பெரிய நெல்லிக்காய் அளவாக உள்ள இது, முதுமையில் பருத்துச் சிறுநீர் வழியை நெருக்கும். மருத்துவர் உறையணிந்த விரலை மலவாயில் மெல்லச் செலுத்தி அதனைத் தொட்டறிவார். இயல்பான சுரப்பி கட்டைவிரலின் அடிச்சதைபோல இருக்கும். கல்போல இறுகியிருந்தால் புற்றுநோயோ என ஆராய்வார்.

ஆண்குறியையும் விதைப்பையையும் சோதிப்பதில் முதற்படி பார்த்தல். புண், வீக்கம், கசிவு உண்டா என்று நோக்குவார். இடவிதை வலவிதையினும் தாழ்ந்து தொங்குவது பலர்க்கும் இயல்பு. அது கண்டு கலங்க வேண்டுவதில்லை. பிறகு, விரல்களுக்கிடையே விதையை மெல்ல உருட்டிப் பார்ப்பார். விதைப்பை வீங்கியிருந்தால், இருட்டறையில் அதன் பின்னே விளக்கை வைத்துப் பார்ப்பதுண்டு. நீர் கோத்திருந்தால் ஒளி ஊடுருவிச் செந்நிறமாகத் தோன்றும்; திண்மையான கட்டியானால் இருண்டே நிற்கும். இருமச் சொல்வது குடலிறக்கத்தைக் காண்பதற்காக. குழந்தையின் பையில் விதை இறங்கியுள்ளதா என்பதையும் பார்ப்பார். இறங்காது நின்றுவிட்டால், ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையே அறுவை செய்து இறக்கி வைப்பது முறை.

மாணவர்களாகிய நீங்கள் மறவாது மனத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, விதை முறுக்கிக்கொள்ளுதல். விதை ஒரு தண்டில் தொங்குகிறது. இரத்தக் குழாய்கள் அதன் வழியே செல்கின்றன. தொட்டிற் கயிறு முறுக்கேறுவதுபோல அத்தண்டு திடீரென முறுக்கிக்கொண்டால் இரத்தம் நின்றுவிடும். 12 முதல் 18 வயது வரையிலானவரிடம் இது மிகுதி. கடும்வலியும் வாந்தியும் தோன்றும். வலி கண்ட ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் விதை பிழைக்கும். பதினைந்து வயது மாணவன் ஒருவன் மாலையில் தோன்றிய வலியை இரவெல்லாம் பொறுத்திருந்து, மறுநாள் நண்பகலில் வந்தான். தாயிடம் வயிற்றுவலி என்று மட்டுமே சொல்லியிருந்தான். விதை கருத்துப் போயிருந்தது. அதனை அகற்ற நேர்ந்தது. மற்றொன்று முறுக்காதபடி தையலிட்டுக் காக்கப்பட்டது. ஒரு விதை நன்றாக இருந்தால் இல்வாழ்வுக்கும் மகப்பேற்றுக்கும் பெரும்பாலும் குறைவு நேராது. எனினும், சொல்லத் தயங்கிய ஓர் இரவில் அவன் இழந்தது திரும்பவில்லை.

இரண்டாவது, வலியில்லாத கட்டி. விதைப் புற்றுநோய் பெரிதும் இளைஞரையே பற்றுவது. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் முற்றக் குணமாவது. குளிக்கையில் விதையில் கடினமான கட்டியோ புதிய பருமனோ தென்பட்டால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்று அல்ட்ராசவுண்ட் போன்ற கருவிகள் உள்ளுறுப்புகளைப் படமாகக் காட்டுகின்றன. எனினும் எங்கே தேட வேண்டும் என்பதை முதலில் சொல்வது மருத்துவரின் கண்ணும் கையுமே. விதை முறுக்கியிருப்பது தெளிவாகத் தெரிந்தால், படத்துக்காகக் காத்திராமல் உடனே அறுவை செய்வதே நெறி.

சோதிக்கப்படுபவர்க்கு உரிமைகளும் உண்டு. என்ன செய்யப் போகிறார் என்பதை மருத்துவர் முன்னரே சொல்லி இசைவு பெற வேண்டும்; திரையிட வேண்டும்; தேவையான இடம் மட்டுமே திறந்திருக்க வேண்டும். துணைக்கு ஒருவர் உடனிருக்கும்படி நீங்கள் கேட்கலாம். காரணம் விளங்காவிட்டால் வினவலாம், வேண்டாவெனில் மறுக்கலாம். இவற்றைப் பேணும் மருத்துவரிடம் நாணத்துக்கு இழுக்கு நேராது. ஆகவே வலி வந்தால் இடத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். வலிக்கும் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். அன்றே, அப்பொழுதே சொல்லுங்கள்.