கியர் இறுகுதா? பாக்ஸைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

கோரிப்பாளையம் சிக்னல்ல பழைய மாருதி 800-ஐ வச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட் கியரோட மல்லுக்கட்டுறவங்களுக்கான எபிசோட் இது. 2014-ல தயாரிப்பு நின்னாலும், மதுரையில இன்னும் ஓடுற வண்டி.

கியர் இறுகுனதும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிடாதீங்க. கோடுல பக் தேடுற மாதிரி, முதல்ல பாதி சந்தேகத்தைக் கழிச்சிடலாம். சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. கிளட்சை மிதிச்சு எல்லா கியரையும் போட்டுப் பாருங்க.

ஆஃப்ல லேசா விழுந்து, ஆன்ல மட்டும் இறுகுதா? கிளட்ச் முழுசா விடுபடலை. 800-ல கிளட்சை இழுக்கிறது ஒரு கம்பி கேபிள். தளர்ந்திருந்தா அட்ஜஸ்ட் பண்ணலாம். பிரி விட்டிருந்தா உடனே மாத்திடுங்க, நடுரோட்டுல அறுந்துடும்.

ஆஃப்லயும் இறுகுதா? கியர் ராடையும் புஷ்ஷையும் பாருங்க. தூசி ஏறி கிரீஸ் காய்ஞ்சிருக்கலாம், புஷ் தேய்ஞ்சிருக்கலாம். அடுத்து கியர் ஆயில்: அளவு பாருங்க, மேனுவல்ல சொன்ன கிரேடு மட்டும் ஊத்துங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் கியர் மாத்தும்போது கரகரன்னு கடிச்சா, உள்ள சிங்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அப்பத்தான் பாக்ஸைப் பிரிக்கணும்.

மெக்கானிக்கிட்ட "கியர் டைட்டுண்ணே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "இன்ஜின் ஆஃப்ல ஃப்ரீ, ஆன்ல டைட்டுண்ணே"ன்னு சொல்லுங்க. கேபிள் வேலை, கியர்பாக்ஸ் பில்லா மாறாது.