சீட்டித் துணி

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் ஒருநாள் 'சீட்டிப் பாவாடை' என்று சொன்னேன். மாணவர்கள் சிரித்துவிட்டனர். வாயால் அடிக்கும் சீட்டிக்கும் பாவாடைக்கும் என்ன உறவு என்பது அவர்கள் ஐயம். பூப்போட்ட பருத்தித் துணிக்கு அப்பெயர் உண்டு என்பதை அவர்களுள் ஒருவரும் அறியார். இவ்வுரையைக் கேட்கும் மாணவ நண்பர்களுள்ளும் பலர் அந்நிலையில் இருக்கக்கூடும். ஆதலின் அத்துணியின் கதையைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

நான் சிறுவனாக இருந்த 1960-களில் தீபாவளிக்குத் துணி எடுப்பதென்றால், தந்தையார் ஒரே சீட்டியில் பல கஜம் கிழித்து வாங்கி வருவார். அதில் எனக்கும் தம்பிக்கும் சட்டை, தங்கைக்குப் பாவாடை, மிஞ்சியது தலையணை உறை. தெருவில் திரியும் பிள்ளைகள் எந்த வீட்டார் என்பதைத் துணியே சொல்லிவிடும். முதல் சலவையிலேயே பாதிச் சாயம் தண்ணீரோடு போகும். பிறகு டெரிலின் வந்தது. கசங்காத அத்துணிக்கே மதிப்பு என்றாயிற்று. (வியர்வையை உறிஞ்சாத அதைச் சித்திரை வெயிலில் மாட்டிக்கொண்டு பெருமையோடு திரிந்தோம் என்பது வேறு கதை.) சீட்டி ஏழையின் துணியாகி, மெல்ல மறைந்தது.

ஆனால் நான் அணிந்தது ஆலையில் உருளை அச்சினால் பூப்பதித்த துணி. அப்பெயருக்கு முதலில் உரிமை பூண்ட சீட்டி வேறு. அது மசூலிப்பட்டினம், பழவேற்காடு, புதுச்சேரி முதலிய சோழமண்டலக் கரை ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கையால் எழுதப்பட்டது. அதன் பெருமையே சாயம் போகாமைதான்!

அஃது எவ்வாறு இயன்றது? சாயவேர் என்றொரு செடி மணற்பாங்கான கடலோர நிலத்தில் விளையும். இம்பூறல் என்றும் அதனைக் கூறுவர். அதன் வேரில் உள்ள செம்பொருள் வெறும் பருத்தியை உறுதியாகப் பற்றாது. துணிக்கும் சாயத்துக்கும் இடையே பாலம் ஒன்று வேண்டும், அப்பாலமே படிகாரம். எனவே துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் பரவாமல் தடுக்கும். பின்னர் சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் படிகார நீரால் எழுதுவர். அதன்பின் துணி முழுவதையும் சாயவேர்க் கொதிநீரில் இடுவர். எடுத்துப் பார்த்தால் துணி எங்கும் மங்கலாகச் சிவந்திருக்கும். ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து உலர்த்தினால், படிகாரம் படாத இடமெல்லாம் வெளுத்துவிடும். பட்ட இடம் மட்டும் செக்கச்செவேல் என்று நிற்கும். கறுப்புக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். அது கடுக்காயின் துவர்ப்போடு கூடிக் கறுக்கும். நீலத்துக்கு அவுரி. நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பர். இவ்வளவையும் வேதியியல் நூல் ஒன்றும் கல்லாத கைகள் செய்தன.

இத்துணி ஐரோப்பாவைக் கலக்கியது. துவைக்கத் துவைக்க நிறம் மாறாத துணியை அந்நாட்டு மக்கள் அதற்குமுன் பெரிதும் கண்டதில்லை. தம் பிழைப்புப் போகுமே என்று அங்குள்ள நெசவாளர் அஞ்சினர். பிரான்சு 1686-இல் இதனைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 1719-இல் இலண்டன் நெசவாளர்கள், சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தனர். 1721-இல் அதனை உடுத்துவதே குற்றம் என்று மற்றொரு சட்டம் பிறந்தது. அத்தொழிலாளரின் அச்சத்தை நான் பழிக்கமாட்டேன். பிற்காலத்தில் நம் நெசவாளரும் அதே அச்சத்தை அனுபவித்தனர்.

1742-இல் சோழமண்டலக் கரையில் வாழ்ந்த கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாயமிடும் முறையைத் தொழில் அறிந்தவர்களிடமே கேட்டு, படிப்படியாகக் கடிதத்தில் எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். சொன்னவர்களுக்கு அதன் விலை தெரிந்திருக்குமா? 1783-இல் உருளை அச்சு இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டது. சாயவேரின் செம்பொருளான அலிசரினை 1868-இல் செர்மானிய வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். செயற்கை நீலம் 1897-இல் விற்பனைக்கு வந்தது. வேர் அகழ்ந்தவன், மெழுகு எழுதியவன், வெளுத்தவன் ஆகிய மூவரும் வேலை இழந்தனர். பெயர் மட்டும் ஆலைத் துணிக்கு ஒட்டிக்கொண்டு, என் சட்டை வரை வந்தது.

டேவிட் காரிக் என்ற புகழ்பெற்ற ஆங்கில நடிகரின் கட்டிலுக்காக இங்கிருந்து சென்ற சீட்டித் திரைகளைத் தடைச் சட்டத்தின்படி அந்நாட்டுச் சுங்கத்தார் கைப்பற்றினர். அத்திரைகள் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. பழஞ்சீட்டிகளைப் படத்தில் காணும் வாய்ப்புக் கிட்டினால் இலைகளை உற்று நோக்குங்கள். பச்சை நிறத்துக்குத் தனிச் சாயம் இல்லாமையால் நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினார்கள். அந்த மஞ்சள் ஒன்றே நிலையாதது. அது வெளிறிப்போனதால், பல துணிகளில் மலர்கள் சிவந்தே இருக்க, இலைகள் நீலமாகிவிட்டன.